எல்லாம் ரேஞ்சுக்குள்ளே

என் அக்கா வீட்டுக்காரரை முகத்துக்கு நேரே "மாமா" என்று கூப்பிடுவேன். அவர் இல்லாதபோது "ரேஞ்சு" என்பேன். அந்தப் பெயரை வைத்தது நான் இல்லை, அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்காரர்கள். அவர்கள் வைத்ததோடு மரியாதைக்கு ஒரு மாமாவைச் சேர்த்து, எங்கள் சொந்தக்காரர்கள் "ரேஞ்சு மாமா" ஆக்கிவிட்டார்கள். இது அவர் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. வருத்தப்படுவார் என்று நினைத்தால் அது நம் தப்பு. "என் ரேஞ்சு என்னன்னு அவனுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அதான் அப்படிக் கூப்பிடறானுங்க" என்று காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். வேலைக்கு மட்டம் போட மாட்டார். வரிசையாக மாட்டார் மாட்டார் என்றுதான் வருகிறதே தவிர, செய்வார் என்று எதுவும் வரவில்லை. செய்தது ஒன்று இருக்கிறது. தன் அறிவுக்கொழுப்பால் என் அக்காவைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தினார். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

தண்ணீர் பாட்டில்களுக்கு மூடி செய்கிற தொழிற்சாலை அவருடையது. சொந்தம் இல்லை, பேச்சைக் கேட்டால் சொந்தம் மாதிரி இருக்கும். அங்கே தரம் பார்க்கும் அறையில் அவருக்கு ஒரு நீளமான மேசை, தலைக்கு மேல் வெள்ளை ட்யூப்லைட், கைக்குப் பக்கத்தில் அளவு பார்க்கும் இரும்புக் கருவிகள். மெஷினிலிருந்து வரும் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு கை மூடிகளை அள்ளி அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, உள்ளே திருகு எவ்வளவு ஆழம் என்று பார்ப்பார். எதிலிருந்து எது வரை இருக்கலாம் என்று சுவரில் ஒட்டியிருக்கும். அதற்குள் இருந்தால் பெட்டி பாஸ். பச்சை டேப்பை ஒட்டி அனுப்பிவிடுவார். வெளியே போயிருந்தால் சிவப்பு டேப். பச்சை ஒட்டிய பெட்டியை அதற்கப்புறம் யாரும் பிரிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். பிரித்தவன் மேனேஜருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வேலையை நான் குறை சொல்லவில்லை. மூடி சரியில்லாவிட்டால் தண்ணீர் ஒழுகும், யாராவது பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் மனிதர் மூடியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால், "உப்பு ரேஞ்சுக்குள்ள இருக்கு" என்பார். அதுதான் என் அக்காவுக்குக் கிடைக்கும் பாராட்டு. அவள் புதுத் துணி உடுத்திக்கொண்டு வந்து நின்றாலும் தலையை ஆட்டி "பாஸ்" என்பார். அக்கா சிரிப்பாள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

இந்த அளவோடு போயிருந்தால் கல்யாணமான வீடுகளில் இருக்கிற சாதாரணத் தொல்லை என்று விட்டிருப்பேன். ஆனால் ஒருமுறை தொழிற்சாலையில் எல்லோருக்கும் உடம்புப் பரிசோதனை செய்து, ஆளுக்கொரு ரத்த ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தார்கள். இடது பக்கம் டெஸ்ட்டின் பெயர். நடுவில் இவருடைய அளவு. வலது பக்கம் எதிலிருந்து எது வரை இருக்கலாம் என்ற கட்டம். அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் மனிதர் சொக்கிப்போய்விட்டார். மனித உடம்புக்கும் சுவரில் ஒட்டுகிற அளவு உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. தன் ரிப்போர்ட்டை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். அப்புறம் மற்றவர்களுடைய ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்க ஆரம்பித்தார்.

அவர் பெயர் வாங்கியது கீழ்வீட்டு ஆட்டோ டிரைவரால். டிரைவர் ஏதோ காரணத்துக்கு ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்ட, இவர் பார்த்துவிட்டு "உனக்கு சர்க்கரை எகிறிக் கிடக்குப்பா, ஓடு டாக்டர்கிட்ட" என்றார். டிரைவரும் ஓடினார், சர்க்கரை உண்மையாகவே ஏறித்தான் இருந்தது. அந்த எண் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில், பக்கத்தில் அம்புக்குறியோடு அச்சாகியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த யாரும் கண்டுபிடித்திருக்கலாம். ஆனாலும் டிரைவர் தெரு முழுக்கச் சொல்லிவைத்தார், எங்கள் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆஸ்பத்திரிக்குப் போனால் பெஞ்சில் காத்திருக்க வேண்டும், இங்கே வந்தால் சோபாவில் உட்காரலாம். கத்தை கத்தையாக ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அவர் பார்க்கிற அழகே தனி. ரிப்போர்ட்டை டீப்பாய் மேல் விரித்து, பேனாவை மேலிருந்து கீழே கொண்டுபோய், ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிக் போடுவார். வந்தவர் "எனக்கு இந்த இடத்துலதான்..." என்று வாயைத் திறந்தால் கையை உயர்த்தித் தடுத்துவிடுவார். "நீங்க சொல்லாதீங்க. பேப்பர் சொல்லும்." கடைசி டிக் விழுந்ததும், "எல்லாம் ரேஞ்சுக்குள்ள. நூறு வயசு இருப்பீங்க" என்று கையில் கொடுப்பார். அளப்பது அவர் தொழில், அளந்துவிடுவது அவர் பொழுதுபோக்கு என்று ஒருமுறை அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, அவர் காதில் விழுந்துவிடப் போகிறது என்று என் வாயைப் பொத்தினாள்.

அக்கா வீட்டிலேயே பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். ஜன்னல் ஓரம் தையல் மெஷின், பக்கத்தில் நீலத் துணிக் குவியல். கல்யாணத்துக்கு முன்னால் என்னைவிட வாயாடியாக இருந்தவள். ரேஞ்சு மாமாவோடு குடித்தனம் நடத்தி நடத்தி, தனக்குப் பசிக்கிறதா என்பதைக்கூட அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிற ஆளாகிவிட்டாள்.

அவர் விடுமுறையில் வீட்டில் இருந்த ஒரு காலை. அக்காவுக்குத் தொப்புளைச் சுற்றி வலித்திருக்கிறது. சாப்பிடப் பிடிக்கவில்லை, வாந்தியும் எடுத்திருக்கிறாள். சாதாரண மனிதனாக இருந்தால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவான். இவர் ஸ்கூட்டரில் உட்காரவைத்துத் தெருமுனை லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "டாக்டர்கிட்ட போனா அவரும் இதத்தான் எழுதிக் கொடுப்பாரு. நாமளே எடுத்துட்டா ஒரு வேலை மிச்சம்" என்று விளக்கம் வேறு. லேபில் டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். சீட்டெல்லாம் வேண்டாம், நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்று இவர் வாயாலேயே சொன்னாராம். வெள்ளை அணு எண்ணிக்கை ஒன்று, சி.ஆர்.பி. என்று ஒன்று.

சி.ஆர்.பி. அவருக்குப் புதிதாகக் கிடைத்த பொம்மை. உடம்பில் எங்கேயாவது புண்ணாகி வீங்கினால் ரத்தத்தில் ஏறுகிற ஒரு பொருள் அது. யாரோ போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, "உடம்புல எந்த மூலையில நெருப்புப் பிடிச்சாலும் இது காட்டிக் கொடுத்துடும்" என்று சில வாரமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மதியத்துக்குள் ரிப்போர்ட் வந்தது. சி.ஆர்.பி. பத்துக்குள் இருக்க வேண்டும், நாலுதான் இருந்தது. வெள்ளை அணு மேல் விளிம்பை ஒட்டி நின்றாலும் கட்டத்துக்குள்தான் இருந்தது. உடனே எனக்கு போன்.

"உங்கக்கா காலையிலேருந்து வயித்தப் புடிச்சிட்டு உக்காந்திருந்தா. ரத்தம் எடுத்துப் பாத்துட்டேன். எல்லாம் ரேஞ்சுக்குள்ள. வெறும் வாயுதான்."

"டாக்டர் யாரும் பாத்தாங்களா மாமா?"

"டாக்டர் பாத்தா மட்டும் நம்பர் மாறிடுமாம்மா?"

நான் செருப்புக் கடையில் வேலை செய்கிறேன். பெட்டியில் நம்பர் அச்சடித்திருந்தாலும், போட்டு நடந்து பாருங்கள் என்றுதான் வருகிறவர்களிடம் சொல்வோம். இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் நான் அக்காவைப் போனில் கூப்பிட்டபோது அவள் பேச்சு கோர்வையாக வரவில்லை. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சை இழுத்துப் பிடித்தாள். கடையில் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனேன். மெஷினில் பாதி தைத்த சீருடை ஊசிக்கடியிலேயே கிடந்தது. அக்கா கட்டிலில் வலது முழங்காலை மடக்கி வயிற்றோடு அணைத்தபடி படுத்திருந்தாள். முகம் வெளிறி, உதடு காய்ந்திருந்தது.

"எங்கக்கா வலிக்குது?"

"நேத்து தொப்புள்கிட்ட இருந்துச்சு. இப்ப இங்க வந்து உக்காந்துக்கிச்சு." ஒரே விரலால் வலது அடிவயிற்றைக் காட்டினாள். "மெஷின மிதிக்க முடியலடி. காலத் தூக்குனா உயிர் போகுது."

ரேஞ்சு மாமா அன்று மதிய ஷிப்டுக்குப் போகாமல் வீட்டில்தான் இருந்தார். போகாததை ஒரு தியாகம் மாதிரி வாசலிலேயே எனக்குச் சொல்லிவிட்டார். நான் கூப்பிட்டதும் கையில் ரிப்போர்ட்டோடு வந்து நின்றார்.

"மாமா, இவ இப்படிக் கெடக்கறா. கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"எதுக்கு? பாத்தாச்சே." டிக் போட்ட ரிப்போர்ட்டை நீட்டினார்.

"இது நேத்து எடுத்த ரத்தம் மாமா."

"ரத்தம் என்ன பாலா, நேத்தையது இன்னைக்குத் திரிஞ்சு போறதுக்கு?"

"சரி, இன்னைக்கும் ஒரு தடவ எடுத்துப் பாருங்க. வலி இடம் மாறியிருக்குன்னு சொல்றா."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பொறுமை. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற புது ஆளுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கிற பொறுமை அது. "இங்க பாரும்மா, பாஸ் ஆன பெட்டியத் திரும்பப் பிரிக்கறது கிடையாது. பிரிக்க ஆரம்பிச்சா வேலைக்கு ஒரு முடிவே இருக்காது."

"அவ பெட்டி இல்ல மாமா!"

"கத்தாத. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

பேச்சுக்குச் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு அவ்வளவுதான் தெரியும். நேற்று மதியம் என் அக்கா மேல் பச்சை டேப்பை ஒட்டிவிட்டார். அதற்கப்புறம் அவள் புரண்டாலும் முனகினாலும் அது அவர் மேசைக்கு வராத விஷயம். நாங்கள் இப்படிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கா "போயிடுச்சு" என்றாள்.

"என்னக்கா?"

"வலி. திடீர்னு விட்டுடுச்சு." மடக்கிய காலை மெதுவாக நீட்டினாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

ரேஞ்சு மாமாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் முதல் மார்க் வாங்கின மாதிரி. "பாத்தியா? நான் என்ன சொன்னேன்? வாயுன்னேனா இல்லையா? நீங்கள்லாம் சேந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு..." என்று பேசிக்கொண்டே அடுப்படிக்குப் போய்த் தனக்கு மட்டும் ஒரு டீ போட்டுக்கொண்டார். அக்கா கண்ணை மூடினாள். தூங்கட்டும் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவளுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்துவிட்டது. தொட்டால் கொதித்தது. வயிற்றில் கை வைத்தேன். பலகை மாதிரி இருந்தது, அழுத்தினால் உள்ளே போகவே இல்லை. போர்வை மேலே பட்டதற்கே அலறினாள். நான் படியில் ஓடிக் கீழ்வீட்டு டிரைவரைக் கூப்பிட்டேன். அவரும் நானும் தூக்கிக்கொண்டு வந்து ஆட்டோவில் படுக்கவைத்தோம். பின்னாலேயே வந்து ஏறிய ரேஞ்சு மாமா சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

"போற வழியிலதான் லேப் இருக்கு. ஒரு நிமிஷம் நிறுத்தி ரத்தத்தக் கொடுத்துட்டுப் போனா டாக்டருக்கும் வசதியா இருக்கும்."

"நேரா ஓட்டுங்கண்ணே" என்றேன் டிரைவரிடம். தயங்கினார், திரும்பி மாமாவைப் பார்த்தார். அவருக்கு சர்க்கரையைக் கண்டுபிடித்துக் கொடுத்த தெய்வம் அல்லவா! "ஓட்டுங்கன்னு சொல்றேன்ல!" என்று நான் போட்ட சத்தத்தில் ஆட்டோ கிளம்பியது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அக்கா என் கையை நசுக்கினாள்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஒரு பெண் சர்ஜன். குட்டையான உருவம், மடித்துவிட்ட சட்டைக் கை. ரேஞ்சு மாமா முந்திக்கொண்டு ரிப்போர்ட்டை நீட்டினார். "அங்க வைங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அக்காவின் முகத்துக்கு நேரே குனிந்தார். "நீங்க சொல்லுங்கம்மா. முதல்ல எங்க வலிச்சுது?" அக்கா திக்கித் திக்கிச் சொல்வதை முழுக்கக் கேட்டார். இடது அடிவயிற்றில் கையை வைத்து மெல்ல அழுத்தி, சட்டென்று எடுத்தார். அழுத்தியது இடது பக்கம், அக்கா துடித்துப்போய் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அந்த ரிப்போர்ட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தார்.

"இது எப்ப எடுத்தது?"

"நேத்து காலையில டாக்டர்."

"வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"நேத்து காலையிலதான். நான் உடனே கூட்டிட்டுப் போயிட்டேன்" என்றார், அதில் ஒரு பெருமை.

"அதான் தப்பு. இது குடல்வால், அப்பெண்டிக்ஸ்னு சொல்வாங்களே, அது. வீங்கினவுடனே இதெல்லாம் ஏறிடாது. முதல்ல வெள்ளை அணு ஏறும், அதுவும் எல்லாருக்கும் ஏறும்னு சொல்ல முடியாது. சி.ஆர்.பி. கல்லீரல்லேருந்து வரணும். அரை நாள், ஒரு நாள்கூட ஆகலாம். வலி ஆரம்பிச்ச சூட்டோட ரத்தம் எடுத்தா நாலுதான் காட்டும். ஒண்ணும் இல்லன்னு அதுக்கு அர்த்தம் இல்ல, இன்னும் ஏறலன்னு அர்த்தம்."

"ஆனா ரேஞ்சுக்குள்ள இருந்துச்சே டாக்டர்."

"வெள்ளை அணு விளிம்புல வந்து நிக்குதே, அதப் பாக்கலையா?"

"விளிம்பும் உள்ளதான் டாக்டர்."

டாக்டர் ரிப்போர்ட்டை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார். நர்ஸிடம் ரத்தம் எடுக்கவும் ஸ்கேன் அறையில் சொல்லவும் உத்தரவு போட்டார். ரேஞ்சு மாமா விடவில்லை. "அப்ப இந்த டெஸ்ட்டே வேஸ்ட்டுன்னு சொல்றீங்களா?"

"யார் சொன்னா? எனக்கு அது வேணும், இப்பவும் எடுக்கச் சொல்லியிருக்கேன். வலி வந்து ஒரு நாள் தாண்டியும் ரெண்டும் ஏறலன்னா, குடல்வாலா இருக்க வாய்ப்புக் குறைவுன்னு நானே கத்தியத் தூக்காம காத்திருப்பேன். சந்தேகமா இருந்தா திரும்ப எடுத்து ஏறுதா இறங்குதான்னு பாப்பேன். ஆனா ஆளக் கேட்டு, வயித்தத் தொட்டுப் பாத்து, அதோட இதச் சேத்துத்தான் முடிவு பண்ணுவேன். இது மட்டும் வச்சு யாரும் வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க."

புது ரிப்போர்ட் வந்தது. நாலாக இருந்த சி.ஆர்.பி. இருநூறைத் தாண்டியிருந்தது. ஸ்கேனில் வயிற்றுக்குள் சீழ். வலி திடீரென்று விட்டதே, அப்போதுதான் குடல்வால் வெடித்திருக்கும் என்றார் டாக்டர். ரேஞ்சு மாமா அடுப்படியில் டீ கலக்கிக்கொண்டிருந்தபோது உள்ளே விஷம் பரவிக்கொண்டிருந்திருக்கிறது. "உடனே திறக்கணும். பிரஷர் இறங்கிட்டே வருது. நான் உறுதி எதுவும் சொல்ல முடியாது, மனசத் தயார் பண்ணிக்குங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார். சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கே கிடந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் ரேஞ்சு மாமாவைக் காணோம். எங்கேயாவது ஒதுங்கி நின்று அழுகிறார் போல என்று நினைத்தேன். அந்த நிமிடம் எனக்கு அவர் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மனிதர் டிரைவரைக் கிளப்பிக்கொண்டு லேபுக்குச் சண்டைக்குப் போயிருக்கிறார். பெண்டாட்டி வயிற்றைத் திறந்துபோட்டிருக்கிறார்கள், பிழைப்பாளா மாட்டாளா என்று தெரியாது, இந்த ஆள் தெருமுனையில் நின்று "தப்பா ரிப்போர்ட் கொடுத்துட்டீங்க" என்று கூச்சல் போட்டிருக்கிறார். அவர்களிடம் மிச்ச ரத்தம் இருந்திருக்கிறது. அவர் கண் முன்னாலேயே மறுபடி டெஸ்ட் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

திரும்பி வந்து என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். முகத்தில் எல்லாம் போய்விட்ட களை. "அதே நாலுதாம்மா வந்துச்சு" என்றார்.

அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. உள்ளேயிருந்து யாராவது வெளியே வந்தார்களா என்று கேட்கவில்லை. எண்ணில் தப்பு இருந்திருந்தால் தன்னிடம் தப்பு இல்லை என்று ஆகியிருக்கும், அந்த வாய்ப்பு போயிற்றே என்பதுதான் அவர் துக்கம். எனக்கு அந்த ஆள் பக்கத்தில் உட்காரவே அருவருப்பாக இருந்தது. எழுந்து போய் ஆபரேஷன் அறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அக்கா பிழைத்தாள். வயிற்றைக் கழுவி, குழாய் வைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். "முதல் நாளே யார்கிட்டயாவது காட்டியிருந்தா சின்னத் துளை போட்டு எடுத்திருப்போம், எழுந்து நடந்து வீட்டுக்குப் போயிருப்பாங்க" என்றார் டாக்டர். இதை அவர் ரேஞ்சு மாமாவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். மாமா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார், வேறு யாரையோ சொல்கிறார்கள் என்பதுபோல.

சாதாரண வார்டுக்கு மாற்றியதும் அவர் பழையபடி துளிர்த்துவிட்டார். அக்காவுக்கு அடிக்கடி ரத்தம் எடுத்து சி.ஆர்.பி. பார்த்தார்கள். இருநூறு நூறாகி, நூறு ஐம்பதாகி, இறங்கிக்கொண்டே வந்தது. நர்ஸ்கள் பின்னாலேயே போய், "இன்னைக்கு எவ்வளவு சிஸ்டர்?" என்று கேட்டு போனில் ஏற்றிக் கோடு போட்டு வைத்துக்கொண்டார். கட்டிலில் கிடக்கிறவளிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு நான் பார்க்கவில்லை. பார்க்க வந்த எங்கள் சித்தப்பாவிடம் அந்தக் கோட்டைக் காட்டி அவர் பேசியது இது:

"முதல் நாளே சந்தேகப்பட்டு ரத்தம் எடுத்ததே நான்தாங்க. வேற எவனாவது இருந்தா போய்ப் படுன்னு விட்டிருப்பான்."

"ஆமாப்பா. நீ இருந்ததால ஆச்சு" என்றார் சித்தப்பா. ஆப்பிள் பையைக் கட்டில் மேல் வைத்துவிட்டு அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

என்னால் நிற்க முடியவில்லை. வாயைத் திறந்தால் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கிழித்துவிடுவேன். அக்காவைப் பார்த்தேன். கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் வந்து அக்காவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "வீட்டுல யார் பாத்துப்பீங்க? காய்ச்சல் வந்தாலோ, வயிறு உப்பினாலோ, தையல் போட்ட இடத்துல நீர் கசிஞ்சாலோ என்ன பண்ணணும்னு சொல்லிடறேன்."

ரேஞ்சு மாமா போனை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "என்கிட்ட சொல்லுங்க டாக்டர். எந்தெந்த டெஸ்ட், எத்தன நாளுக்கு ஒரு தடவ?"

"ஏங்க, நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க" என்றாள் அக்கா.

அவருக்கு விளங்கவில்லை. "என்னது? நான் கேட்டுக்கிட்டாத்தானே..."

"வெளியில நில்லுங்க. நான் டாக்டர்கிட்ட பேசணும்."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தும் தெம்பும் அவளுக்கு இல்லை. ஆனால் கல்யாணமானதிலிருந்து அவரைப் பார்த்து அவள் இப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. நான்தான் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்பதுபோல அவர் என்னை முறைத்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் அவரைப் பார்த்துக் கதவைக் காட்டினார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அக்கா என் கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டாக்டர், திரும்ப வலிச்சா நானே கிளம்பி வந்துடலாமா?"

"வந்துடுங்க."

"அவரு வேண்டாம்னு சொன்னாலும்?"

"சொன்னாலும் வாங்கம்மா."

"டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்திருந்தாலும்?"

"இருந்தாலும் வாங்க. வலிக்குதுன்னு நீங்க சொன்னா போதும்."

அக்கா அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.